புத்தகமா, படமா: எதை முதலில் எடுப்பது?

2022 செப்டம்பர் கடைசியில் 'பொன்னியின் செல்வன்' முதல் பாகம் திரைக்கு வந்ததிலிருந்து ஒரே கேள்வி மூன்று விதமாக வந்துகொண்டிருக்கிறது. நாவலைப் படித்தவர், "படத்தைப் பார்த்துக் கெடுத்துக்கொள்ளவேண்டுமா?" என்று தயங்குகிறார். படிக்காதவர், "முதலில் ஐந்து பாகத்தையும் முடித்துவிடட்டுமா?" என்று பக்கங்களை எண்ணுகிறார். படம் பார்த்துவிட்டவர், "இனிப் படிக்க என்ன மிச்சம்?" என்கிறார். மூவருக்கும் பொதுவாகக் கிடைக்கும் பதில், "என்ன இருந்தாலும் புத்தகம் மாதிரி வராது." இந்தப் பதிலால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை. 'முள்ளும் மலரும்' பார்த்துவிட்டு ஒருவரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. அது ஒரு நாவலிலிருந்து வந்தது என்பதே பலருக்குத் தெரியாது.

படம் புத்தகத்துக்கு ஈடாகுமா என்று பொதுவில் கேட்டால் பட்டிமன்றம்தான் நடக்கும். உங்கள் முன்னால் இருக்கும் கதைக்கு எந்த வழி சரி என்று கேட்டால் பதில் உண்டு. வழிகள் நான்கு: புத்தகம் முதலில், படம் முதலில், படம் மட்டும், புத்தகம் மட்டும்.

## எதை வைத்து எடைபோடுவது?

முதலில் பார்க்கவேண்டியது, கதையின் கனம் எங்கே இருக்கிறது என்பது. சம்பவங்களிலா, ஆட்களின் மனத்துக்குள்ளா, எழுதியவரின் நடையிலா? இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, படித்த ஒருவரிடம் கதையைப் பத்து நிமிடத்தில் சொல்லச் சொல்வது. சொல்லி முடித்ததும் "அப்புறம்?" என்று கேட்கத் தோன்றினால் கனம் சம்பவத்தில் இருக்கிறது. "இவ்வளவுதானா?" என்று தோன்றினால் அவரால் சொல்ல முடியாத இடத்தில் இருக்கிறது. தி. ஜானகிராமனின் 'மோகமுள்' இரண்டாவது வகை. தன்னைவிடப் பத்து வயது மூத்த பெண்ணின் மேல் ஓர் இளைஞனுக்குக் காதல், கூடவே சங்கீதம், ஊர் கும்பகோணம். அவ்வளவுதான் கதை. அதற்கு அறுநூறு பக்கங்களுக்கு மேல் எழுதியிருக்கிறார், ஒரு பக்கத்தைக்கூட எடுத்துவிட மனம் வராது.

அடுத்தது, இயக்குநர் என்ன செய்திருக்கிறார் என்பது. சிலர் சுருக்குகிறார்கள். சிலர் மாற்றி எழுதுகிறார்கள். சிலர் ஒரு விதையை மட்டும் எடுத்துக்கொண்டு போய்த் தங்கள் நிலத்தில் நட்டுக்கொள்கிறார்கள். சு. வெங்கடேசனின் 'காவல் கோட்டம்' ஆயிரம் பக்க நாவல். அதில் ஒரு சிறு பகுதியிலிருந்து 'அரவான்' வந்தது. ஜெயமோகனின் 'துணைவன்' ஒரு சிறுகதை. அதிலிருந்து 'விடுதலை' இரண்டு பாகங்களாக வந்தது. ஒன்றில் கடலிலிருந்து ஒரு குடம், இன்னொன்றில் ஒரு குடத்திலிருந்து கடல். இரண்டிலும் 'புத்தகத்துக்கு உண்மையாக இருக்கிறதா' என்று பார்ப்பது வீண் வேலை.

நேரமும் பணமும் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. தெரியாத கணக்கு ஒன்று உண்டு: ஒரு வழியில் போனபிறகு திரும்பப் பெற முடியாமல் போவது என்ன? முடிச்சு அவிழ்ந்துவிட்டால் மறுபடி கட்ட முடியாது. முகம் பதிந்துவிட்டால் அழிக்க முடியாது. இந்தக் கடைசிச் செலவைப் பற்றித்தான் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

## முதல் வழி: புத்தகம் முதலில், படம் பிறகு

மனத்துக்குள் நடக்கும் கதைகளுக்கு இதுதான் வழி. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

'மோகமுள்'ளில் வடக்கேயிருந்து வந்த பாடகர்களின் குரலைக் கேட்டு நாயகன் பாபுவும் அவன் குரு ரங்கண்ணாவும் திகைத்துப்போகும் இடம் ஒன்று வருகிறது. அந்தக் குரல் எப்படி இருந்தது என்று ஜானகிராமன் எழுதிக்கொண்டே போகிறார். படிக்கிறவனுக்குத் தன் வாழ்நாளில் கேட்ட நல்ல குரல்களெல்லாம் நினைவுக்கு வந்து, அவற்றையும் தாண்டிய ஏதோ ஒன்று காதில் விழுகிறது. எழுத்துக்கு இது கைவரும், ஏனென்றால் எழுத்தில் சத்தமே இல்லை. அதையே படமாக்க நினைக்கிறவர் உயிரோடு இருக்கும் ஒரு பாடகரைத் தேடித்தான் ஆகவேண்டும். அவர் எவ்வளவு நன்றாகப் பாடினாலும், "இந்தக் குரலுக்கா அவர்கள் அப்படிப் போனார்கள்?" என்று கேட்பவர் ஒருவர் இருப்பார். ஞான ராஜசேகரன் 1995-இல் இந்த நாவலைப் படமாக்கினார், இசை இளையராஜா. மரியாதையோடு எடுக்கப்பட்ட படம் அது. முதல் படத்துக்கான தேசிய விருதும் கிடைத்தது. ஆனாலும் பாபுவின் மனத்துக்குள் ஓடிக்கொண்டே இருக்கும் பேச்சுக்குக் கேமராவில் இடம் இல்லை. படத்தை முதலில் பார்த்தவருக்கு அது ஒரு காதல் கதையாகத் தெரியும். நாவலைப் படித்துவிட்டுப் போகிறவர் விட்டுப்போனதைத் தானே நிரப்பிக்கொண்டு பார்ப்பார்.

ஜெயகாந்தனின் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' வேறு காரணத்துக்காக இந்த வரிசைக்கு வருகிறது. முதலில் அவர் 1966-இல் 'அக்கினிப் பிரவேசம்' என்று ஒரு சிறுகதை எழுதினார். மழை நாளில் ஒரு கல்லூரிப் பெண் அறிமுகமில்லாதவனின் காரில் ஏறுகிறாள். கெட்டுப்போனதாக உலகம் சொல்லக்கூடிய மகளைத் தாய் தலையில் தண்ணீர் ஊற்றி ஏற்றுக்கொள்கிறாள். பத்திரிகையில் வந்ததும் பெரும் சர்ச்சை. பிறகு ஜெயகாந்தனே, அந்தத் தாய் அப்படிச் செய்யாமல் கூச்சல் போட்டு ஊரைக் கூட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எடுத்துக்கொண்டு நாவலை எழுதினார். அதற்கு 1972-இல் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. 1977-இல் ஏ. பீம்சிங் படமாக்கியபோது திரைக்கதையும் வசனமும் ஜெயகாந்தனே. பாடல்கூட எழுதினார். அந்தப் பெண் கங்காவாக நடித்த லட்சுமிக்குத் தேசிய விருது. ஆக ஒரே கை மூன்று முறை எழுதிய கதை இது. சிறுகதை, நாவல், படம் என்று அதே வரிசையில் போனால்தான் ஒவ்வொரு முறையும் அவர் எதை மாற்றினார், ஏன் மாற்றினார் என்பது பிடிபடும். தலைகீழாகப் போனால் சிறுகதை ஒரு முன்னோட்டம்போல் சிறுத்துவிடும்.

இந்த வழியின் செலவு நேரம் என்பது வெளிப்படை. வெளியே தெரியாதது, படித்துவிட்டுப் போகிறவர் தியேட்டரில் தணிக்கையாளராகிவிடுவது. "இது இப்படி இல்லையே" என்று பக்கத்து இருக்கைக்காரர் காதில் சொல்லிக்கொண்டே இருப்பார். தானும் பார்ப்பதில்லை, பிறரையும் பார்க்க விடுவதில்லை. படித்து முடித்த கையோடு படத்துக்குப் போகாமல் ஒரு மாதம் இடைவெளி விட்டால் இந்தக் குணம் பாதி குறைந்துவிடும்.

## இரண்டாம் வழி: படம் முதலில், புத்தகம் பிறகு

இலக்கிய ஆர்வலர்கள் இந்த வழியை இளக்காரமாகப் பார்ப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 'பொன்னியின் செல்வன்' விஷயத்தில் படிக்கத் தயங்குகிற ஒருவருக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

நாவல் இரண்டாயிரம் பக்கத்துக்கு மேல். தினமும் முப்பது பக்கம் படித்தாலும் இரண்டு மாதத்துக்குக் குறையாது. படங்கள் இரண்டும் சேர்ந்து ஐந்தரை மணி நேரம். பெரிய பழுவேட்டரையர் யார், சின்னவர் யார், கடம்பூர் எங்கே, பழையாறை எங்கே, யாருக்கு யார் மேல் கோபம் என்று முதல் பாகத்திலேயே குழம்பிப் புத்தகத்தை மூடிவைத்தவர்கள் ஏராளம். படம் பார்த்துவிட்டு வந்தால் அந்தக் குழப்பம் இல்லை. ஆட்களும் ஊர்களும் கண்ணில் நிற்கும்.

முடிச்சு அவிழ்ந்துவிடாதா என்று கேட்கலாம். அவிழும், ஆனால் முழுக்க அவிழாது. நாவலில் சேந்தன் அமுதனைச் சுற்றிக் கல்கி கட்டியிருக்கும் பெரிய முடிச்சு படத்தில் இல்லவே இல்லை. கந்தமாறனின் தங்கை மணிமேகலை படத்தில் கிடையாது. அவளுடைய கதை முழுவதும் புத்தகத்தில் புதிதாகக் காத்திருக்கிறது. ஆதித்த கரிகாலன் சாவைப் படம் ஒருவிதமாகக் காட்டுகிறது. கல்கி வேறுவிதமாக விட்டுவைக்கிறார். படம் பார்த்தவருக்கு மிச்சமில்லை என்பது படத்தை மட்டும் பார்த்தவர் சொல்லும் பேச்சு.

சம்பவங்களைத் தாண்டி இன்னொன்றும் உண்டு. முதல் அத்தியாயத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கால வெள்ளத்தில் கற்பனை ஓடமேறி வரும்படி நேயர்களைக் கூப்பிட்டுத்தான் கல்கி தொடங்குகிறார். ஆடிப் பதினெட்டு. வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரை மேல் மெல்லப் போகிறான். எழுபத்து நான்கு கணவாய்களிலும் தண்ணீர் பாய்கிறது. ஊர்ச் சனம் கூட்டாஞ்சோறும் சித்திரான்னமும் கட்டிக்கொண்டு கரைக்கு வந்திருக்கிறது. அவன் வேடிக்கை பார்க்கிறான், நாமும் பார்க்கிறோம்; ஒன்றும் அவசரமில்லை. வாரப் பத்திரிகையில் 1950 முதல் மூன்றரை ஆண்டு ஓடிய தொடர்கதைக்கு அந்த நிதானம் கட்டுப்படியாகும். மணிரத்னத்துக்குக் கட்டுப்படியாகாது. அவர் படத்தைப் போர்க்களத்தில் தொடங்கி, ஆற்றையும் வயலையும் வந்தியத்தேவனின் பயணத்தையும் ஒரே பாட்டில் அடக்கிவிடுகிறார். அது நல்ல பாட்டு. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே வருகிற கல்கி அதில் இல்லை. அவருக்காகவே படம் பார்த்தவரும் படிக்கலாம்.

முகம் பதிந்துவிடும் என்ற குறை உண்மை. கார்த்தியைப் பார்த்தபிறகு வந்தியத்தேவனுக்கு வேறு முகம் வராது. நந்தினிக்கு ஐஸ்வர்யா ராயைத் தவிர யாரையும் நினைக்க முடியாது. ஆனால் 'கல்கி' இதழில் வாராவாரம் படித்தவர்கள் மட்டும் வெற்று முகங்களோடா படித்தார்கள்? மணியத்தின் ஓவியங்கள் முதல் வாரத்திலிருந்தே கூடவே வந்தன. அந்தத் தலைமுறைக்குக் குந்தவை என்றால் மணியம் போட்ட கொண்டைதான். இந்த நாவலுக்கு முகத்தைக் கடன் வாங்குவது பழைய வழக்கம்.

பூமணியின் 'வெக்கை' இதே வழியில் வேறு அனுபவம் தரும். 1982-இல் வந்த சிறிய நாவல். வார இறுதியில் முடித்துவிடலாம். பதினைந்து வயதுச் சிறுவன் சிதம்பரம் தொடக்கத்திலேயே கொலை செய்துவிடுகிறான். மிச்சமெல்லாம் அவனும் அய்யாவும் காட்டில் ஒளிந்து திரியும் நாட்கள்: எங்கே படுப்பது, எதைத் தின்பது, எந்தப் பக்கம் ஆள் நடமாட்டம். என்ன நடந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிற நாவலில் படம் கெடுக்கக்கூடிய ரகசியம் எதுவுமில்லை.

வெற்றிமாறன் 2019-இல் 'அசுரன்' எடுத்தபோது மகனின் கதையைத் தந்தையின் கதையாக மாற்றினார். தந்தை சிவசாமியின் இளமைக்காலம், பஞ்சமி நிலம், செருப்புப் போட்டதற்காக அடிபடும் பெண், எரிக்கப்படும் குடிசைகள் என்று நீளும் பின்கதை படத்துக்காக எழுதப்பட்டது. படம் உரக்கப் பேசுகிறது. கடைசியில் படிப்பைப் பற்றி நேராகவே அறிவுரை சொல்கிறது. நாவலில் அறிவுரை கிடையாது. சாதிப் பெயரைக்கூடப் பூமணி உரக்கச் சொல்வதில்லை. முதலில் நாவலைப் படித்தவர்களில் பலருக்குப் படம் சத்தமாகப்பட்டது. முதலில் படத்தைப் பார்த்துவிட்டு நாவலுக்கு வருகிறவருக்கு அந்த அமைதி அதிர்ச்சி தருகிறது. அந்த அதிர்ச்சிக்காகவே படம் முதலில் என்பேன். தனுஷுக்குத் தேசிய விருது வாங்கித்தந்த நடிப்பும் நாவலோடு ஒப்பிட்டுப் பார்க்காத கண்ணுக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

## மூன்றாம் வழி: படம் மட்டும்

குற்ற உணர்ச்சி இல்லாமல் இதைத் தேர்ந்தெடுக்கக்கூடிய கதைகள் சில உண்டு.

உமாசந்திரனின் 'முள்ளும் மலரும்' 1966-இல் கல்கி வெள்ளிவிழாப் போட்டியில் பரிசு பெற்ற நாவல். 1978-இல் மகேந்திரன் எடுத்துக்கொண்டது அண்ணன், தங்கை, அவன் வீம்பு ஆகியவற்றைத்தான். நாவலில் காளியின் கையைப் புலி பறிக்கிறது. படத்தில் லாரி ஏறிவிடுகிறது. இந்த ஒரு மாற்றத்தைப் பார்த்தாலே அவர் போன திசை தெரியும். காட்டுச் சாகசத்தை எடுத்துவிட்டு, வின்ச் ஓட்டுகிற ஒருவனின் கர்வத்தை வைத்தார். பாலு மகேந்திராவின் ஒளிப்பதிவு, பின்னால் இளையராஜா, மௌனமாக நிற்கும் ஷோபா. நாவல் கிடைத்தால் படியுங்கள். கிடைக்காவிட்டால் பழைய புத்தகக் கடைகளில் அலையவேண்டியதில்லை.

'தில்லானா மோகனாம்பாள்' இன்னொன்று. கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் தொடராக எழுதிய நீண்ட நாவல். 1968-இல் ஏ.பி. நாகராஜன் படமாக்கினார். மோகமுள்ளில் ஓசை படத்துக்கு எதிராகப் போகிறது என்றேன். இங்கே ஓசைதான் படத்தைத் தூக்கி நிறுத்துகிறது. மோகமுள்ளின் குரல் யாரும் கேட்டிராத குரலாக இருக்கவேண்டும். தில்லானாவின் நாயகன் சிக்கல் சண்முகசுந்தரத்தின் நாகசுரம் கோயில் கூட்டத்துக்கு நடுவே எல்லோரும் கேட்கிற நாகசுரம். அது போட்டி. யார் ஜெயித்தார் என்பது காதுக்குத் தெரிந்தாகவேண்டும். மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் வாசிப்புக்குச் சிவாஜி கன்னத்தையும் விரலையும் மூச்சையும் பொருத்தியிருப்பதைப் பாருங்கள். 'நலந்தானா' பாட்டில் பத்மினி கண்ணால் கேட்கிற கேள்விக்கு அவர் சீவாளியை வாயிலிருந்து எடுக்காமலே பதில் சொல்கிறார். எந்த வரியில் இதை எழுதுவது?

சுஜாதாவின் 'ப்ரியா' லண்டனில் நடக்கும் கதை. படத்தில் சிங்கப்பூருக்குப் போய்விட்டது. அங்கே ரஜினி இருக்கிறார், பாட்டுகள் இருக்கின்றன, சுஜாதா இல்லை. இதில் படம் மட்டும் போதும் என்று சொல்ல மாட்டேன். இரண்டும் வேறு வேறு சரக்கு.

இந்த வழியின் உள்செலவு, படத்தில் பார்த்ததையெல்லாம் எழுத்தாளர் கணக்கில் எழுதிவிடுவது. வெனிஸ் விழா வரை போன 'விசாரணை', மு. சந்திரகுமார் குண்டூர் லாக்கப்பில் தான் பட்டதை எழுதிய 'லாக்கப்' நாவலிலிருந்து வந்தது. ஆனால் நாவல் படத்தின் முதல் பாதியோடு சரி; தமிழ்நாட்டுக்குத் திரும்பியபின் நடப்பதெல்லாம் திரைக்கதையில் சேர்ந்தது. படம் மட்டும் பார்த்தவர் அதையும் அவர் பட்டதாகவே நம்பிக்கொண்டிருப்பார். பூமணியைப் பற்றிப் பேச எழுந்து, அசுரனின் பின்கதையை விளக்கிவிட்டு உட்கார்ந்தவர்களை மேடைகளில் பார்த்திருக்கிறேன். படம் மட்டும் போதும் என்றால் நல்லது, புத்தகத்தைப் பற்றிப் பேசாதிருந்தால் சரி.

## நான்காம் வழி: புத்தகம் மட்டும்

இருக்கிற படத்தைப் பார்க்காமல் இருப்பதும் ஒரு தேர்வுதான். மனத்துக்கு மிக நெருக்கமான ஒரே ஒரு நாவல் எல்லோருக்கும் இருக்கும். மோகமுள்ளின் நாயகி யமுனாவின் முகத்தை இருபது வருடமாக மனத்தில் வைத்திருக்கிறவர் அதை எந்த நடிகைக்கும் விட்டுக்கொடுக்கவேண்டிய அவசியம் இல்லை. இழப்பு என்று பார்த்தால் வீட்டார் எல்லோரும் பார்க்கும்போது தனியாக எழுந்து போகவேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

ஆனால் இதைக் கொள்கையாக்கி எந்தப் படத்தையும் பார்க்க மாட்டேன் என்கிறவர்கள் லட்சுமியின் கங்காவையும் சிவாஜியின் சண்முகசுந்தரத்தையும் சேர்த்தே இழக்கிறார்கள். அது வீம்பு.

## ஒரு பார்வையில்

| கதை | கனம் எங்கே | படம் செய்தது | என் சிபாரிசு |
|---|---|---|---|
| மோகமுள் | மனத்துக்குள் | மரியாதையான சுருக்கம் | புத்தகம் முதலில். படம் விருப்பம் |
| சில நேரங்களில் சில மனிதர்கள் | மனமும் வாதமும் | எழுத்தாளரே எழுதிய திரைக்கதை | சிறுகதை, நாவல், படம் |
| பொன்னியின் செல்வன் | சம்பவம், கல்கியின் குரல் | பெரும் சுருக்கம் | தயங்குகிறவருக்குப் படம் முதலில் |
| வெக்கை / அசுரன் | நிலம், மொழி, மௌனம் | மாற்றி எழுதியது | படம் முதலில், நாவல் கட்டாயம் |
| லாக்கப் / விசாரணை | பட்ட அனுபவம் | பாதி நாவல், பாதி புதிது | எந்த வரிசையும் சரி |
| முள்ளும் மலரும் | அண்ணன், தங்கை | விதை மட்டும் | படம் போதும் |
| தில்லானா மோகனாம்பாள் | ஓசை, ஆட்கள் | ஓசையைக் கேட்கவைத்தது | படம் போதும். நேரமிருந்தால் நாவல் |

## வாங்கும் முன்

கல்கியின் எழுத்து நாட்டுடைமை ஆகிவிட்டதால் 'பொன்னியின் செல்வ'னை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், அடிக்கிறார்கள். படம் வந்த நேரத்தில் கடைகளில் குவிந்த பதிப்புகளில் கண்ணைக் கெடுக்கும் பொடி எழுத்தும் உண்டு, அச்சுப்பிழைகளும் உண்டு, சுருக்கப் பதிப்புகளும் உண்டு. சுருக்கத்தை வாங்குவதில் அர்த்தமே இல்லை. சுருக்கம் வேண்டுமென்றால் அதற்குத்தான் படம் இருக்கிறதே. புது வெள்ளம், சுழற்காற்று, கொலை வாள், மணிமகுடம், தியாகச் சிகரம் என்று ஐந்து பாகமும் இருக்கின்றனவா என்று பார்த்து, நடுவில் ஒரு பக்கத்தைப் பிரித்து எழுத்தின் அளவைப் பார்த்து வாங்குங்கள். திரையில் படிக்கப் பழகியவர்களுக்கு மதுரைத் திட்டத்தின் தளத்தில் முழு நாவலும் இலவசமாகவே கிடைக்கிறது.

இன்னும் முடிவு செய்ய முடியவில்லை, தனக்கு எந்த வழி ஒத்துவரும் என்றே தெரியவில்லை என்கிறவர்கள் பெரிய நாவலில் சோதனை செய்யவேண்டாம். புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை' சின்னக் குறுநாவல். காலையில் எடுத்தால் மதியச் சாப்பாட்டுக்கு முன் முடிந்துவிடும். மகேந்திரனின் 'உதிரிப்பூக்கள்' அதிலிருந்து கிளம்பி எங்கோ போன படம், 1979. மாலையில் அதைப் பாருங்கள். எதைப் பற்றி இரவில் அதிக நேரம் பேசுகிறீர்களோ, அடுத்த கதைக்கு அந்தப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள்.